வள்ளத்துக்கு வைத்த தேசிக்காய்

தேசிக்காயைக் கண்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கறிக்குப் பிழிவதற்குக்கூட என் வீட்டில் போத்தல் எலுமிச்சைச் சாறுதான். எல்லாம் ஒரு வள்ளத்தால் வந்த வினை.

எனக்கு அப்போது பதினொரு வயது. கனடாவில், மார்க்கம் நகரில், எங்கள் வீட்டுக்கு முன்னால் கார் விடும் ட்றைவ்வேயில், ஒரு ட்றெயிலரின் மேல் அந்தப் பாய்வள்ளம் கிடந்தது. ஒடுங்கிய இரண்டு தோணிகளை நடுவில் துணிமேடை கட்டிப் பிணைத்தது போலிருக்கும். அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து பழசாக வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போகிறோம், முதல் ஓட்டத்தில் நீதான் முன்னுக்கு என்பார் அப்பா. ஞாயிறு வரும். கம்பியில் ஒரு இழை அறுந்திருக்கிறது என்பார். பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிப்பவை முன்னுக்கு ஒன்றும் பக்கங்களுக்கு இரண்டுமாக மூன்றே மூன்று கம்பிகள். அதை மாற்றுவதற்கு இரண்டு பெரிய மனிதர்கள் என்னுடைய கோடையைத் தின்றார்கள். பழைய கம்பியைச் சீமெந்தில் நீட்டிப் படுக்கவைத்துப் புதியதை அளப்பார்கள். மரத்தை ஏற்றினால் ஒரு பக்கம் சாயும். கம்பியைக் கொளுவும் தகட்டில் ஒரு துளை இறக்கிப் பூட்டு என்று ஒருவர், ஏற்றிப் பூட்டு என்று மற்றவர். பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பீற்றிவிட்டு, முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் திரிந்தவள் நான்.

அம்மா அந்தப் பக்கம் வரவே மாட்டார். அவருடைய அண்ணா ஊரில் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அது எனக்கும் தெரியும். அது கடல், இது ஏரி என்று நானே அவருக்கு விளக்கமும் சொன்னேன். அவர் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

ஒருவழியாகக் கம்பிகள் சரிவந்தன. மரம் நேராக நின்றது. மறுநாள் ஏரி. அப்போதுதான் அம்மா கற்பூரத்தட்டோடு வெளியே வந்தார். புதுக் கார் வாங்கினால் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசிக்காமல் எங்கள் ஆட்கள் றோட்டில் இறக்குவதில்லை. வள்ளத்துக்குச் சில்லு இல்லாவிட்டால் என்ன, ட்றெயிலருக்கு இருக்கிறதே! மரத்தைப் படுக்கவைத்துவிட்டு இழுப்போம் என்றார் சித்தப்பா.

"படுத்துக் கிடக்கிற வள்ளத்துக்கு ஆராவது பூசை செய்வினமே? மரம் நிமிந்து நிக்கட்டும்," என்றார் அம்மா.

அப்பாவுக்கு அது நன்றாகப் பிடித்துப்போனது. லண்டன் பெரியம்மாவுக்குப் படம் அனுப்ப வேண்டுமே.

அப்பாவும் சித்தப்பாவும் முன்னால் நின்று இழுத்தார்கள். இரண்டு பேருடைய கண்ணும் தேசிக்காயில். நான் பின்னால் நின்று தள்ளினேன். அம்மா எனக்குப் பக்கத்தில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். கும்பிடுகிறார் என்று நினைத்தேன். திடீரென்று என் கையைப் பிடித்து விறுக்கென்று பக்கத்து வீட்டுப் புல்லுக்கு இழுத்தார். "விடுங்கோ அம்மா!" என்று நான் கத்தி முடிக்கவில்லை, மேலே நீட்டிக்கொண்டிருந்த மேப்பிள் கிளையில் பாய்மரம் போய் முட்டியது. புத்தம்புதிய முன்கம்பி கொளுவியோடு பிய்ந்தது. பாய்மரம் பின்பக்கமாகச் சரிந்து, நான் நின்ற இடத்திலேயே விழுந்து நடுவில் மடிந்தது. தேசிக்காய்கள் மட்டும் அழகாக நசிந்திருந்தன.

"உன்ரை கண் எங்கையடா கிடந்தது?" என்று பாய்ந்தார் அப்பா.

"நீங்கள்தானே அண்ணை தேசிக்காயைப் பாக்கச் சொன்னனீங்கள்!"

தெருவே கேட்க இருவரும் கத்தினார்கள். நான் அவர்களைவிடக் கத்தினேன், அதுவும் அம்மாவைப் பார்த்து. "உங்கடை விசர்ப் பூசையாலைதான் எல்லாம் நாசமாப் போச்சு!" அவர் கற்பூரத்தட்டை எடுத்துக்கொண்டார். எல்லோருக்கும் தேத்தண்ணி போட உள்ளே போனார். பிறகு பிறம்ரன் நகரிலிருந்து ஒருவர் வந்து வள்ளத்தை விலைக்கு வாங்கிக் கட்டியிழுத்துக்கொண்டு போனார். ஏரியை நான் கரையில் நின்றுதான் பார்த்தேன்.

அம்மா பிடித்த இடத்தில் என் கை கன்றிப்போயிருந்தது. அதைக் காட்டிக் காட்டி அந்தக் கோடை முழுவதும் அவரோடு சண்டை பிடித்தேன். பாய்மரம் கிளையில் முட்டுவதற்கு முன்னமே, அப்பாவை மறிக்காமல், அவர் ஏன் என்னை இழுத்தார் என்று கேட்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை.