உறை மட்டும் தொங்கிய வீடு

நெடுந்தீவுக்கு நான் போனது இந்த ஆனி மாதம், ஒரு புதன்கிழமை. குதிரை பார்க்கவோ பெருக்கு மரம் பார்க்கவோ போகவில்லை. பழைய வேட்டைக் கத்தி ஒன்றைப் பார்க்கப் போனேன். அதே நோக்கத்தோடு தீவுப் பக்கம் வர இருக்கிறவர்கள் என்னிடம் வழி கேட்டிருந்தீர்கள். அதனால் நேரத்தையும் செலவையும் சரியாக எழுதுகிறேன். மற்றதையும் எழுதுகிறேன். அதை விட்டுவிட்டு இதை எழுத என்னால் ஏலாது.

என்னிடம் பதினொரு கத்தி இருப்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். எல்லாம் மடக்காத கத்திகள், எல்லாம் என்னைவிட வயது கூடியவை. ஒவ்வொன்றையும் முறை வைத்துப் பாவிக்கிறேன். மீன் வெட்டுகிறது ஒன்று, ஆட்டுத் தோல் உரிக்கிறது ஒன்று. வாங்கிய முதல் கத்தியை உறையோடு வைத்துக் கறள் ஏற, துருப்பிடிக்கப் பண்ணினேன். அன்றிலிருந்து தோலுறைகளைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டு, கத்திகளை எண்ணெய்த் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைக்கிறேன். உப்புக்காற்றைக் குடித்த தோல் இரும்பைத் தின்னும்.

நான் பார்க்கப் போன கத்தி என் தகப்பன், அப்புவுடையது. வன்னிக் காட்டில் பன்றி வேட்டைக்குப் போகும்போது இடுப்பில் கட்டிக்கொண்டு போனது. ஒரு சாண் அலகு, மான்கொம்புப் பிடி. சண்டையில் இடம்பெயர்ந்த வருஷம், இதை வைத்துக்கொண்டு சோதனைச் சாவடிகளைத் தாண்ட முடியாது என்று பெரியப்பாவின் மகன் கனகு அண்ணையிடம் கொடுத்தேன். அவர் நெடுந்தீவுக்குத் திரும்பிப் போன படகில், வலைகளுக்கு அடியில் வைத்துக் கொண்டுபோனார்.

ஊர் திரும்பிய பிறகு, பதினேழு வருஷத்துக்கு முன், அதை வாங்கிவரப் போனேன். அண்ணையின் வீட்டு மண்டபத்துச் சுவரில் உறை தொங்கியது. உள்ளே கத்தி இல்லை. அந்தக் கிழமைதான் பழஞ்சாமான் வாங்குகிற ஒருவர் கொழும்பிலிருந்து வந்து தீவெல்லாம் சுற்றிப் போயிருந்தார்.

"கத்தி எங்கை அண்ணை?"

"கிடக்கு. இரு பிள்ளை, முதல்லை தேத்தண்ணி குடி."

"எங்கை கிடக்கு? அந்தக் கொழும்பான்ரை பெட்டிக்கையோ?"

அவர் வாய் திறக்குமுன் கள்ளன் என்று சொல்லிவிட்டேன். வாசலில் நாலு பேர் நின்றார்கள். சொல்லிவிட்டு நேரே இறங்குதுறைக்கு வந்து படகில் ஏறினேன். அன்று நான் உடுத்திருந்தது நாவல் நிறச் சேலை. படகு கிளம்பும் நேரம் அண்ணை சைக்கிளில் வந்தார். கையில் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று, பச்சைக் கரை போட்ட சால்வைத் துணி. அதைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். என்னைச் சமாதானப்படுத்தக் கருவாடு கொண்டு வருகிறார் என்று நினைத்து முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டேன். பிறகு அவரோடு பேசவில்லை. அவருடைய மகளின் கலியாணத்துக்குப் போகவில்லை. இந்தத் தை மாதம் அவர் செத்தபோதும் போகவில்லை.

ஆனி பிறந்ததும் அவருடைய மனுசி பூமணி மச்சாள் ஒரு மீன்காரரிடம் சொல்லி அனுப்பினா: வந்து என் சாமானைக் கொண்டுபோகட்டாம். கத்தி அங்கே இருந்தால் நான் பதினேழு வருஷம் சொன்னது பொய். இல்லையென்றால், வேறு ஏதாவது கத்தியைக் காட்டினால், அண்ணை கள்ளன்தான். இரண்டில் எது என்று அறியத்தான் போனேன். அப்புவின் கத்தி இருட்டிலும் எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் மடத்துவெளியில் காலை ஏழே காலுக்கு பஸ் எடுத்தேன். குறிகட்டுவான் துறைக்குக் கால் மணித்தியாலம், ஐம்பது ரூபா. அங்கே நயினாதீவுப் படகுக்குத்தான் பெரிய வரிசை. அவசரத்தில் அதில் ஏறிவிடாதீர்கள், நெடுந்தீவுப் படகு வேறு. எட்டரைக்குக் கிளம்பியது, இருநூறு ரூபா. சோளகக் காற்று அடிக்கிற மாதம், படகு நன்றாகத் தூக்கிப் போட்டது. ஒரு மணித்தியாலமும் பத்து நிமிஷமும் எடுத்தது. ஆனி ஆடியில் வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு ஏற வேண்டாம், வயிறு முட்டத் தின்றுவிட்டும் ஏற வேண்டாம்.

இறங்கியதும் ஓட்டோ பிடித்தேன். போக வர ஆயிரத்து ஐந்நூறு, காத்திருப்பதும் சேர்த்து.

"முதல்லை குதிரையோ, கோட்டையோ ஆச்சி?" என்று ஓட்டோக்காரர் கேட்டார்.

"கத்தி பாக்க வந்தனான் தம்பி."

கண்ணாடியில் என்னை ஒருதரம் பார்த்தார். "ஆரோடை கோவம் எண்டு சொன்னா நான் அந்தப் பக்கம் போகாமல் விடுவன்."

"கோவக்காரன் செத்துப்போனான். நீ ஓட்டு."

அவர் ஓட்டோவை எடுத்தார். முருகைக்கல் மதில்கள் இரண்டு பக்கமும் வர, நாலு கிலோமீற்றர் போனோம்.

அண்ணையின் வீட்டு மண்டபத்தில் உறை அதே ஆணியில், அதே இடத்தில் தொங்கியது. மச்சாள் கதிரையைத் துடைத்துப் போட்டா. நான் அதில் இருக்கவில்லை.

"இந்த உறை அண்டைக்கும் இப்பிடித்தானே வெறுமையாக் கிடந்தது," என்றேன். "அதுக்கு முதல்லை ஒரு பதில் சொல்லும்."

மச்சாள் கோபப்படவில்லை. "நீரும் கத்தியள் வைச்சிருக்கிறீராம், கேள்விப்பட்டனான். உம்மட வீட்டிலை உறையும் கத்தியும் ஒண்டாவோ கிடக்கு?"

பதினொரு உறையை என் கையாலேயே சுவரில் தொங்கவிட்டவள் நான். ஒவ்வொரு நாளும் அதற்குக் கீழே இருந்துதான் சோறு தின்றேன். இந்த வீட்டுச் சுவரை ஒருதரமாவது திரும்ப நினைத்துப் பார்க்கவில்லை.

மச்சாள் அலுமாரியைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தா. பச்சைக் கரை போட்ட சால்வைத் துணி. அவிழ்க்குமுன்னமே எனக்குத் தெரிந்துவிட்டது. இப்போது கதிரையில் இருந்தேன்.

இருந்தாலும் பார்த்தேன், பார்க்காமல் விடுகிறவள் இல்லை. பிடியில் மூன்று ஆணி, இரண்டு பித்தளை, நடுவில் அப்பு மாற்றிப் போட்ட இரும்பாணி. நுனியிலிருந்து இரண்டு விரல் கீழே சின்னதாக ஒரு முறிவு. ஏழு வயதில் சிரட்டை உடைக்கப்போய் நான் உண்டாக்கியது. ஆனால் அந்த முறிவு பாதியாகக் குறைந்திருந்தது. அலகு ஒரு நூல் அளவுக்கு ஒடுங்கியிருந்தது. வருஷக்கணக்காகத் தீட்டினால்தான் அப்படி ஒடுங்கும். தீட்டிய கீறல்கள் எல்லாம் பிடியிலிருந்து நுனிக்கு, ஒரே பக்கமாக ஓடின. அப்பு தீட்டுகிற விதம் அது, அண்ணைக்கும் அவர்தான் பழக்கினார். பழைய கத்தி பார்த்துப் பழகியவர்கள் கீறலைப் பார்த்தால் கையைச் சொல்லுவார்கள். இது கனகு அண்ணையின் கை. மச்சாள் ஒரு கயிற்றுத் துண்டைத் தந்தா. ஒரே இழுவையில் இரண்டாகியது. கறள் ஒரு பொட்டுக்கூட இல்லை.

"அண்ணையைக் கள்ளன் எண்டு சொன்னனான்," என்றேன்.

"சொன்னனீர்தான். வாசல்லை நிண்ட சனமெல்லாம் கேட்டது."

"அண்ணை என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. வெள்ளிக்கு வெள்ளி எண்ணெய் பூசுவார். அவளுக்குக் கோவம் ஆறினா வருவாள், வரேக்கை கறளாக் கிடக்கக் கூடாது எண்டுவார். கடைசி வெள்ளி எழும்ப ஏலாமல் கிடந்தவர், என்னைக் கொண்டு பூசுவிச்சவர்."

தேத்தண்ணி தந்தா. பதினேழு வருஷத்துக்கு முன் குடிக்காமல் விட்டதையும் சேர்த்து இரண்டு கோப்பை குடித்தேன். வாசலில் அண்ணையின் படம் இருந்தது. கத்தியை அதன் முன் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு எடுத்தேன். மன்னிப்பு என்ற சொல் எனக்கு வராது. மச்சாளுக்கும் அது தெரியும். கட்டித் தரும்போது, "கத்தியையும் உறையையும் வேற வேறயாக் கொண்டு போம்," என்று மட்டும் சொன்னா.

திரும்பும் படகு இரண்டரைக்கு. துறையில் பை சோதித்த கடற்படைக்காரர் அலகைக் கண்டதும் நிமிர்ந்தார். பெயர், ஊர், எங்கே கொண்டுபோகிறேன் என்று எல்லாம் எழுதிக்கொண்டு போகவிட்டார். படகு விலகும்போது அண்ணை சைக்கிளோடு நின்ற இடத்தைப் பார்த்தேன். அவர் மீதும் எனக்கு ஒரு குறை இருக்கிறது. இரண்டு வயலுக்கு அப்பால் நிற்கிற மாட்டைக் கூப்பிடுகிற குரல் அவருக்கு. 'கத்தி' என்று ஒரு சொல் கத்தியிருக்கலாம். ஒருவேளை கத்தினாரோ தெரியாது. நான்தான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேனே.

இனி வருகிறவர்களுக்கு. படகு நேரம் காற்றைப் பார்த்து மாறும், முதல் நாளே விசாரியுங்கள். கத்தி கொண்டு வருவதென்றால் துணியில் சுற்றிக் கட்டி, கேட்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள். எண்ணெய் கொண்டுபோங்கள், கடலில் ஒரு மணித்தியாலம் போதும் அலகு வேர்க்க. தீவு வீட்டுச் சுவரில் வெறும் உறையைக் கண்டால் கத்தியை விற்றுவிட்டார்கள் என்று எண்ணாதீர்கள், இருந்து கேளுங்கள். அதோடு, நீங்கள் படகில் ஏறிய பிறகு யாராவது துணிப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு துறைக்கு ஓடி வந்தால் இறங்கிவிடுங்கள். நாளைக்கும் படகு வரும்.