வீட்டுக்குள்ளை இல்லை

அரியாலையில் கத்தரீனாவைப் போலப் பாவத்துக்குப் பயந்த மனுசியைக் காண்பது கஷ்டம். நாள்கலண்டரில் கிழிக்கிற தாளைக்கூட எறிய மாட்டார். அதன் பின்பக்கத்தில் அன்றன்று செய்த பாவங்களைக் குறித்துவைப்பார். காகத்துக்குக் கல்லெறிந்தது, பூசையில் கொட்டாவி விட்டது, வெள்ளிக்கிழமையில் உப்புப் பார்க்கிற சாட்டில் இறைச்சித் துண்டொன்றை மென்று விழுங்கியது. சுவாமியிடம் பாவங்களைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்துக்கு அவர் தாள்கட்டோடு வந்தால், பின்னால் நிற்பவர்கள் வாங்கு தேடி உட்கார்ந்துவிடுவார்கள்.

பொய் மட்டும் அந்தத் தாள்களில் இராது. பொய் சொல்லாமல் தப்ப, தாயாரிடம் படித்த வழியொன்று அவரிடம் இருந்தது. வேண்டாத ஆள் வேலிப் படலையைத் திறக்கிற சத்தம் கேட்டால் பின்கதவால் கிணற்றடிக்குப் போய்விடுவார். கணவர் எமில்ராஜ் முன்னால் வந்து, "அவ வீட்டுக்குள்ளை இல்லை" என்பார். உண்மைதானே. கிணறு வெளியேதான் இருக்கிறது. எமில்ராஜின் ஆன்மாவுக்கும் சேதமில்லை.

இந்தத் தவக்காலத்தில் அப்படி மூன்று முறை கிணற்றடிக்குப் போனார். மூன்று முறையும் வந்தது தம்பி செபநாயகத்தின் மனைவி மரியபுஷ்பம். நான்கு வருஷத்துக்கு முன், கத்தரீனாவின் தாயார் செத்த முப்பத்தோராம் நாள் சாப்பாட்டில், பந்தி முழுக்கக் கேட்க, "மச்சாளின்ரை கறியிலை உப்புக் கூடிப்போச்சு" என்றவள் அவள்தான். அன்றோடு பேச்சு நின்றது.

பெரிய வெள்ளிக்கு இரண்டு நாள் முன்பு பாவசங்கீர்த்தனம். தாள்களையெல்லாம் வாசித்து முடித்த கத்தரீனா, சும்மா சந்தேகம் தீர்க்கிற மாதிரிக் கிணற்றடி விஷயத்தையும் சொன்னார்.

"ஒரு பொய்யும் சொல்லேல்லை சுவாமி. அது பாவமில்லைத்தானே?"

ஜஸ்ரின் சுவாமி இளம் ஆள். மெதுவாகத்தான் கேட்டார்.

"மச்சாள் என்னத்துக்கு வந்தவ அம்மா?"

"தெரியாது சுவாமி."

"மூண்டு தரம் வந்திருக்கிறா. உங்களுக்குத் தெரியாது."

கத்தரீனா வழக்கம்போல் அபராதமாக மூன்று அருள்நிறை மந்திரம் கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவவைப் போய்ப் பாருங்கோ. அதுதான் உங்கடை அபராதம்."

அதற்குப் பதில் ஐந்து செபமாலை தந்திருக்கலாம் என்று நினைத்தபடி தம்பி வீட்டுக்கு நடந்தார். பாதி வழியில் ஒரு நினைப்பு வந்தது. அவளுக்கு ஏதும் நோய் வருத்தமோ? தம்பிக்கு ஏதுமோ? கேட்காமல் விட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டார். நடை தானாக வேகமாயிற்று.

செபநாயகம் வாசலில் நின்றான். தமக்கையைக் கண்டு முகம் மலர்ந்தவன், பிறகு உள்ளே ஒரு பார்வை பார்த்தான்.

"அவ... வீட்டுக்குள்ளை இல்லை அக்கா."

ஒரே தாய் வளர்த்த பிள்ளைகள். கத்தரீனா மறுபேச்சுப் பேசாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்.

கிணற்றடியில் மரியபுஷ்பம், ஏச்சு வாங்கப் பயந்தவள் போல, வெறும் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நல்ல சுகமாகத்தான் இருந்தாள். கத்தரீனாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"மூண்டு தரம் வந்தனீ என்ன?"

"ஓம் மச்சாள். நீங்கள் கிணத்தடியிலை நிண்டதைக் கண்டனான். சீலைத் தலைப்புத் தெரிஞ்சது."

"கண்டுமோ திரும்பத் திரும்ப வந்தனீ?"

"ஓம்."

கத்தரீனாவுக்கு வெட்கத்தில் முகம் சுட்டது. "என்னத்துக்கு?"

"மாமியின்ரை திவசம் வருகுது. அண்டைக்கு உங்கடை கறியிலை உப்புக் கூடேல்லை எண்டு சொல்லத்தான் வந்தனான்."

கத்தரீனா கண்ணைத் துடைத்தார். நான்கு வருஷமாக எந்தத் தாளிலும் எழுதாத ஒன்றைச் சொல்ல வாய் திறந்தார்.

"உப்புக் கூடினதுதான் புஷ்பம். அம்மாவை நினைச்சு அழுதழுது நான் ரெண்டு தரம் உப்புப் போட்டிட்டன். நல்லகாலம் நான் கிணத்தடிக்குப் போனது. இல்லாட்டி நீயெல்லோ பொய் சொல்லியிருப்பாய்."