நகராத நீலப்புள்ளி

காலை எட்டே காலுக்கு என் மகள் செல்போனில் நின்றுபோனாள். பச்சைமலையில் போட்டிக்காக ஓடுகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் வரைபடத்தில் அவள் ஒரு நீலப்புள்ளி. அதுவரை ஒற்றையடிப் பாதையில் ஊர்ந்துகொண்டிருந்த புள்ளி, ஒரு திருப்பத்தில் அப்படியே நின்றது. சிக்னல் கிடைக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். பின்னால் வந்த புள்ளிகள் அதைத் தாண்டிப் போயின.

உப்பிலியபுரம் பக்கம், ஓட்டம் முடியும் இடத்தில், அடிவாரத்துப் பந்தலில் நான் நின்றிருந்தேன். ஒலிபெருக்கியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் ஓட ஆரம்பித்தது இப்படி அல்ல. ஸ்ரீரங்கத்தில் அவளும் இன்னும் ஏழெட்டுப் பேரும் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கொள்ளிடக் கரையோரமாக முக்கொம்பு வரை ஓடுவார்கள். கடைசி ஆள் வந்து சேரும்வரை யாரும் டீயைத் தொடக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். பெரும்பாலும் கடைசியாக வருபவர் ஒரு பல் டாக்டர்.

"வாங்க டாக்டர், வழியில எல்லார் பல்லையும் பிடுங்கிட்டு வர்றீங்களா?" என்பார்கள் மற்றவர்கள்.

"நீங்க குடிச்சிருக்கலாம்ல?"

"குடிச்சா அடுத்த வாரம் வரமாட்டீங்களே."

பிறகு மலை ஓட்டத்துக்குப் பெரிய பரிசுகள் வந்தன. ஒரு ஷூ கம்பெனி அவளோடு ஒப்பந்தம் போட்டது. எப்போது தூங்க வேண்டும், எத்தனை இட்லி சாப்பிடலாம் என்பதை பெங்களூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் போனில் சொன்னார். மற்றவர்களோடு ஓடினால் வேகம் குறையும் என்றும் அவர் சொன்னதால், ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் நின்றது. பச்சைமலை ஓட்டத்தை முடித்தால்தான் ஒப்பந்தம் அடுத்த ஆண்டுக்கும் நீளும் என்றிருந்தார்கள். அவள் வேலையை விட்டுவிட்டு இதையே நம்பியிருந்தாள்.

ஓட்டத்தை முடித்து வந்த ஓர் இளைஞரை நிறுத்திக் கேட்டேன்.

"பார்த்தேன் அங்கிள். கால் மடங்கி உட்கார்ந்திருந்தாங்க. கை கொடுக்கப் போனேன், தொடாதீங்கன்னுட்டாங்க. அடுத்தவங்க தூக்கிவிட்டா ஓட்டம் செல்லாதுல்ல."

"அதுக்காக விட்டுட்டு வந்துட்டீங்களா தம்பி?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் ஏழாவதா வந்திட்டிருந்தேன் அங்கிள்."

பந்தலில் இருந்த பொறுப்பாளர், "ரெண்டு பேரை மேல அனுப்பியிருக்கோம் சார். உங்க பொண்ணே வேணாம்னு சொன்னா நாங்க வலுக்கட்டாயமா தூக்க முடியாது," என்றார். வீட்டிலிருந்து மனைவி போன் செய்தாள். அவளும் அதே வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அங்கேயே நிக்கிறாளே?"

"மலையில சிக்னல் இல்லை. நீ சாப்பிடு," என்றேன்.

வெயில் ஏறியபின் புள்ளி நகர்ந்தது. கொஞ்சம் நகரும், நிற்கும். கடைசியில் மரங்களுக்கு இடையே அவளே தெரிந்தாள். ஒரு கிளையை ஊன்றி, வலது காலைத் தரையில் பதிக்காமல் வந்தாள். கணுக்கால் வீங்கி ஷூவுக்கு மேலே பிதுங்கியிருந்தது. மேலே அனுப்பப்பட்ட இருவரும் நான்கடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நடந்தார்கள். நான் பாதையோரம் கட்டியிருந்த கயிற்றுக்கடியில் குனிந்து உள்ளே ஓடி, அவள் தோளைத் தாங்கக் கை நீட்டினேன்.

"தொடாதீங்கப்பா," என்றாள். "கோட்டுக்கு இன்னும் இருபதடி இருக்கு."