பொட்டலத்தில் வந்த இங்கிலீஷ்

'மெலன்கொலி' என்ற இங்கிலீஷ் சொல்லுக்குப் பெருங்காய வாசம் உண்டு. 'ஃப்ரூகல்' என்றால் எனக்கு மல்லி நெடி அடிக்கும். 'டாசிட்டர்ன்' என்ற சொல்லை முதன்முதலில் பார்த்தபோது அதன்மேல் வெல்லத்துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது, அதை நக்கித் துடைத்துவிட்டுத்தான் எழுத்துக் கூட்டினேன். வன்னியம்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பலசரக்குப் பொட்டலமாக வந்த பழைய இங்கிலீஷ் பத்திரிகைத் தாள்கள்தாம் எனக்கு வாய்த்த புத்தகங்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடந்துபோய்ப் படித்தேன். பாடத்தில் இருக்கிற சொற்கள் எல்லாப் பையன்களுக்கும் தெரியும், யாருக்கும் தெரியாத சொல்லாகப் பார்த்துச் சேர்த்தால்தான் படிப்பு என்று அந்த வயதில் எனக்கொரு நினைப்பு. பொட்டலத்தில் கிடைத்த சொல்லை வழியெல்லாம் வாய்க்குள் உருட்டிக்கொண்டு போய் என் வகுப்புத் தோழன் ஞானமுத்துவிடம் ஒப்படைப்பேன். அவன் வீட்டில் அகராதி இருந்தது. மறுநாள் பொருளோடு வருவான். மெலன்கொலி என்றால் காரணம் தெரியாமல் மனசில் கவிகிற துயரம், ஃப்ரூகல் என்றால் செட்டாகக் குடும்பம் நடத்துகிறவர், டாசிட்டர்ன் என்றால் அதிகம் பேசாதவர். கடைசிச் சொல்லுக்குப் பொருள் கேட்டதும், நான் ஐயா என்று கூப்பிடும் என் அப்பாவை இங்கிலீஷ்காரன் எப்போது பார்த்தான் என்று ஞானமுத்துவிடம் கேட்டேன்.

அச்சடித்த தாள் காலில் பட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள் என் அம்மா. எழுத்துத் தெரியாது. ஆனால் நான் பொட்டலத் தாளை நீவி நீவி வாசிப்பதைப் பார்த்த பிறகு அவள் சாமான் வாங்குகிற விதமே மாறிப்போயிற்று. மொத்தமாக எதையும் வாங்கமாட்டாள். மிளகாய் இன்றைக்கு, மல்லி நாளைக்கு, சீரகமும் வெந்தயமும் ஒரே நாளில் வேண்டியிருந்தாலும் தனித்தனிப் பொட்டலம். கடைக்கார அண்ணாச்சி, "ஏ தாயி, ஒங்க வீட்ல அடுப்பு ஒண்ணா, ஒம்பதா?" என்று கேலி செய்வார். அவள் அசரமாட்டாள். தாளைக் கொஞ்சம் பெரிசாகக் கிழித்துக் கட்டும்படி கேட்பாள், பிள்ளை படிக்கிறான் என்பாள்.

பிறகு யுத்தம் வந்தது. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்ததுபோல் காகிதத்துக்கும் வந்தது. அண்ணாச்சி தேக்கிலைக்கு மாறினார். அம்மா வெறும் இலையை விரித்துப் பார்த்துவிட்டு, இதில் ஒன்றும் எழுதவில்லையே என்று உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

அந்த வருஷ அரைப் பரீட்சையில் நான் இங்கிலீஷில் தவறினேன். பசுவைப் பற்றி எழுதச் சொன்ன இடத்தில் நான் சேர்த்துவைத்த அரிய சொற்களையெல்லாம் அதன்மேல் ஏற்றினால் வாத்தியார்தான் என்ன செய்வார்? ஐயா அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. ராஜபாளையத்துப் பஞ்சு ஆலையில் ஆள் எடுக்கிறார்களாம், கேட்டுவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, பருத்தி ஏற்றிப் போன வண்டியில் விடியற்காலம் ஏறிப் போனார். அன்றைக்கு எனக்குப் பள்ளிக்கூடத்தில் எதுவும் ஏறவில்லை. ஆலையில் சேர்ந்துவிட்ட எங்கள் தெருப் பையன் ஒருவன், தலையெல்லாம் பஞ்சு ஒட்ட, கிழவன்போல வீடு திரும்புவது நினைவிலேயே நின்றது.

ஐயா விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார். அம்மா செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, "ஆலையில என்ன சொன்னாவ?" என்றாள்.

"நாளைக்கே கூட்டியாரச் சொன்னாவ."

தண்ணீரைக் குடித்து முடித்தார். செம்பைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "அவன் படிக்கட்டும்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் துண்டில் கட்டியிருந்த கட்டு ஒன்றை என் பக்கம் தள்ளினார். "பருத்தி மண்டியில பழைய இங்கிலீசுத் தாளு கெடந்துச்சு. பொட்டலம் வரலன்னு ஒங்கம்மா பொலம்பிக்கிட்டுக் கெடந்தாள்ல. கேட்டு வாங்கியாந்தேன்."

பிரித்தேன். தாள் முழுக்க உருண்டை உருண்டையாகத் தெலுங்கு எழுத்து. மண்டிக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கடைப்பலகைகளில் பார்த்துப் பழகிய தமிழ் எழுத்தின் சாயல் இல்லாதது எல்லாம் ஐயாவுக்கு இங்கிலீஷ்.

"என்னலே, எழுத்துத் தெளிவா இருக்கா?"

"தெளிவா இருக்குய்யா."

"அப்ப செத்த சத்தமா வாசி."

தெலுங்குத் தாளை மடியில் விரித்து, விரலை வரி வரியாக நகர்த்தி, எனக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் பத்திரிகை வாசிக்கிற ராகத்தில் சொல்லிக்கொண்டே போனேன். ஐயா சோற்றுத்தட்டில் கையை வைத்தபடி கேட்டார். டாசிட்டர்ன் என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, அதற்கு என்ன அர்த்தம் என்றார்.

"அதிகம் பேசாத ஆளுய்யா."

அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஐயா அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, "ம்" என்றார்.

மறுநாளிலிருந்து பாடப்புத்தகத்தின் சின்னச் சொற்களை ஒன்று விடாமல் நெட்டுருப் போட்டேன். முழுப் பரீட்சையில் தேறினேன், அடுத்தடுத்த வகுப்புகளிலும் தேறினேன். இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அலுவலகத்தில் இங்கிலீஷில் எழுதிப் பிழைக்கிறேன். அம்மா பத்திரமாகப் பரணில் வைத்த அந்தத் தெலுங்குத் தாள்களைக் கரையான் தின்று, சென்ற மழைக்காலத்தில் மண்ணாகத்தான் வாரிப் போட்டோம். வீட்டுக்கு யாராவது வந்தால் ஐயா இப்போது கொஞ்சம் பேசுகிறார். "இவன் எழுதுத இங்கிலீசு பூராவும் நான் ராசபாளையத்துல இருந்து செமந்துட்டு வந்ததுதான்" என்பார்.

வந்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள். ஆமாம் என்பேன்.