மெதுவாகப் போகத் தெரியாத கார்

எங்கள் முதலாளியின் காருக்கு ஒரு குணம் உண்டு. வேகமாகப் போகச் சொன்னால் பறக்கும். மெதுவாகப் போகச் சொன்னால் அந்த இடத்திலேயே செத்துவிடும். இந்தக் குணமுள்ள மனிதர்கள் சங்கரன்கோவிலில் நிறையப் பேர் இருந்தார்கள், யாரும் அவர்களை ஒன்றும் சொன்னதில்லை. காருக்கு இருந்ததால் எனக்குத்தான் வேலை போகும்போல் இருந்தது.

முதலாளிக்குப் பருத்தி அரைக்கும் ஆலை. சுதந்திரம் வந்து சில வருஷங்களில், மேல்மூடியை மடக்கி வைக்கிற மாதிரி ஒரு கறுப்புச் சீமைக் காரை யாரோ ஒரு ஜமீன் வீட்டிலிருந்து வாங்கிக்கொண்டு வந்தார். கூடவே என்னையும் வேலைக்கு வைத்தார். நான் யுத்தத்தில் பட்டாள லாரி ஓட்டியவன். பர்மா எல்லைச் சேற்றில் பாரவண்டியை இழுத்துக்கொண்டு போனவன் என்று சொன்னதும் அவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. ஆலைக்குப் பின்னால் ஒரு வீடும் கொடுத்தார். மேலநீலிதநல்லூர்ப் பக்கம் என் அண்ணன்மார் வெயிலில் ஆட்டுக்குப் பின்னால் நடந்துகொண்டிருக்க, நான் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு ரப்பர் ஆரனை அமுக்கிக்கொண்டிருந்தேன். என் மனைவிக்கு அந்த ஆரன் சத்தத்தில் அப்படி ஒரு பெருமை.

சீக்கு மெல்லத்தான் வந்தது. முதலில் ரயில்வே கேட்டில். தண்டவாளத்துக்கு நடுவில், ஆட்டுக்கூட்டத்துக்காக வேகத்தைக் குறைத்தேன். இஞ்சின் இருமியது, குலுங்கியது, நின்றது. அடுத்தது தெப்பக்குளத்து மேட்டில். முதல் கியரில் போட்டு மெல்ல ஏற்றினால், சம்பளம் வாங்காத ஆள் மாதிரி முனகிவிட்டு உட்கார்ந்துகொண்டது. பிறகு ரதவீதியில் நிற்காத நாளே இல்லை. பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு நல்ல வேலை கிடைத்தது. தள்ளுவதற்கு ஒரு கூட்டம், சிரிப்பதற்கு ஒரு கூட்டம்.

வைத்தியர்களுக்குக் குறைச்சலில்லை. பஸ் கம்பெனி மெக்கானிக் ஒருவர் இஞ்சின் மூடியைத் திறக்காமலே வால்வு என்றார். சைக்கிள் கடைக்காரர், தமக்குச் சைக்கிளே சரியாக வராது என்பதை மறந்துவிட்டு, செயின் தளர்ந்திருக்கும் என்றார். ஆலைக் கணக்கப்பிள்ளை பஞ்சாங்கத்தைப் பார்த்தார். சனிக்கிழமைகளில்தான் வண்டி ரொம்ப மோசமாக நிற்கிறது என்று நான் அவரிடம் வாய் தவறிச் சொல்லியிருந்தேன். அது போதாதா? முதலாளியின் ஜாதகத்தில் இருந்த சனி காரின் இஞ்சினுக்குள் குடிவந்துவிட்டது என்று முடிவாயிற்று.

முதலாளி ஒருநாள் தாமே சோதித்துப் பார்க்க வந்தார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ராஜபாளையம் ரோட்டில் விடச் சொன்னார். கார் அம்பாகப் போயிற்று. மறுபேச்சில்லாமல் சிவகிரிக்குப் பிரியும் விலக்கு வரைக்கும் போய்த் திரும்பினோம்.

"எங்கலே நிக்குது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

ஊருக்குள் நுழைந்து ரதவீதியில் வேகத்தைக் குறைத்ததும் நின்றது. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், இப்போதாவது நம்புவார் என்று. அவரோ என் கையைத்தான் பார்த்தார்.

"ரோட்டுல ஓடுத வண்டி தெருவுல ஓடாதா? இது ரோடு, இது தெருன்னு வண்டிக்குத் தெரியுமாலே? ஓட்டுதவனுக்குத்தான் தெரியும். உனக்கு மெதுவா ஓட்டத் தெரியல. பட்டாளத்துல வெரட்டி வெரட்டியே பழகிட்ட. கோளாறு உன்கிட்டதான்."

இந்த வாதத்துக்கு வக்கீல்கூடத் திணறியிருப்பார்.

அதோடு விட்டாரா? தை மாதம் மகளுக்குக் கல்யாணம். பொண்ணு மாப்பிள்ளையை இந்தக் காரில் வைத்து, நாதஸ்வரத்துக்குப் பின்னால் நாலு ரதவீதியும் சுற்றி வர வேண்டும். "ஊர்கோலத்துல ஒரு தடவ நின்னுதுன்னாலும் அபசகுனம். சம்பந்தி வீட்டுக்காரன் என்ன பேசுவான்? அன்னைக்கே சாவியக் கொடுத்துட்டு ஊரப் பாத்துப் போயிரு" என்றார். என் மனைவி அப்போது ஏழு மாதம். நான் ஆட்டுக்குப் பின்னால் நடப்பதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன். உண்மையாகவே பயந்தேன்.

இஞ்சின் நிற்கிறதென்றால் ஒன்று பொறி இல்லை, அல்லது காற்று சரியில்லை, அல்லது பெட்ரோல் போகவில்லை. பிளக்கைக் கழற்றி இரும்பில் தொட வைத்துச் சுற்றினேன். பொறி பளிச்சென்று வந்தது. பொறியைக் கிளப்புகிற பாயின்டைத் தேய்த்துத் துடைத்தேன். காற்று எங்கேயாவது கள்ளத்தனமாக நுழைகிறதா என்று இடுக்கிலெல்லாம் எண்ணெய் விட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்கு. பிறகு இஞ்சின் இருமும் நேரத்தில் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன். பிழைத்துக்கொண்டது. விட்டேன், செத்தது. அதாவது காற்றை மறித்துப் பெட்ரோலைக் கூட்டினால் உயிர் வருகிறது. மெதுவாக ஓடும்போது பெட்ரோல் பட்டினி.

கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரப் பெரிய துளை ஒன்று, ஊசிமுனை போலச் சின்னத் துளை ஒன்று. வேகமாகப் போகும்போது பெரியது பார்த்துக்கொள்ளும். மெதுவாகப் போகும்போது பாரமெல்லாம் சின்னதின் தலையில்தான். எங்கள் ஆலையிலும் அப்படித்தான் வேலை நடந்தது. கழற்றிப் பார்த்தால் சின்னத் துளையில் மண். அடிக்கிண்ணத்தில் வண்டலாக மண். வாயால் ஊதி, கழுவி மாட்டினேன். கார் பசுமாடு மாதிரி ஆயிற்று. சனிக்கிழமை வந்தது, மறுபடியும் நின்றது.

பெட்ரோல் விற்கிறவரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் என் வம்சத்தையே விசாரித்து அனுப்பினார். நாலாக மடித்த வேட்டியில் வடிகட்டி ஊற்றினேன். அப்போதும் மண். தெருப் புழுதியாகவும் தெரியவில்லை. எங்கள் பக்கத்துப் புழுதி கரிசல், கன்னங்கரேல் என்று இருக்கும். இது வெளிறிய பழுப்பு, மாவாக மெத்தென்று இருந்தது. எங்கேயோ பார்த்த மண்ணாகத் தெரிந்தது, எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

ஊர்கோலத்தன்று காலையில் டாங்கியையே இறக்கிக் கழுவினேன். குழாயெல்லாம் ஊதினேன். சாயங்காலம் காரைப் பூவால் மூடினார்கள். இஞ்சினை ஓடவிட்டு மூடியின் மேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்தேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. என் மனைவி ஆலை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது முதலாளி கோவிலிலிருந்து நேரே வந்தார். நெற்றி நிறைய விபூதி, கையில் ஒரு இலைப் பொட்டலம். என்னிடம் வரவில்லை. காரின் பின்பக்கம் போய்ப் பெட்ரோல் மூடியைத் திருக ஆரம்பித்தார். பொட்டலத்தைப் பிரித்தார். வெளிறிய பழுப்பு, மாவாக மெத்தென்று. கோவில் புற்றுமண்.

எங்கள் ஊரில் புற்றுமண்தான் பிரசாதம். வயிற்றுவலிக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிப்போம், சிரங்குக்குப் பூசுவோம். எனக்கும் நம்பிக்கை உண்டு. என் மூத்த பிள்ளைக்கு அதில்தான் சிரங்கு ஆறியது. ஆனால் அந்தப் பிள்ளைக்குக் கார்புரேட்டர் கிடையாது.

"என்னலே முழிக்க?" என்றார். "வண்டி வாங்குன நாள்லேருந்து வெள்ளிக்கு வெள்ளி நீ சாப்பிடப் போற நேரம் ஒரு சிட்டிகை போட்டுக்கிட்டுதான் வாரேன். சீக்கு கூடுச்சா, நானும் ஒருபிடியாக் கூட்டிட்டேன். இந்த மட்டும் ஓடுதுன்னா எதனால ஓடுதுன்னு நெனச்ச?"

சம்பந்தி வீட்டார் சுற்றி நின்றார்கள். நாதஸ்வரக்காரர் சீவாளியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் மருந்துதான் நோய் என்று சொன்னால் சாமியைப் பழித்தவன் ஆவேன், முதலாளியை முட்டாளாக்கியவன் ஆவேன். சொல்லாவிட்டால் வடக்கு ரதவீதி திரும்பும்போது கார் நின்றுவிடும். அவர் கை டாங்கி வாய்க்கு மேலே போயிற்று.

நான் ஓடிப்போய்க் குறுக்கே கையை நீட்டினேன். "முதலாளி, வண்டிக்கு என்ன குறை? ஓட்டுதவன்கிட்டதான் கோளாறுன்னு நீங்கதான சொல்லுதிய? சீக்கு எனக்கு, மருந்து வண்டிக்கா? எனக்குக் கொடுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "இப்பதாம்லே உனக்குப் புத்தி வந்திருக்கு" என்று பொட்டலத்தை அப்படியே என் உள்ளங்கையில் கொட்டினார். அத்தனை பேர் பார்க்க ஒருபிடி மண்ணையும் வாயில் போட்டு, தம்ளர் தண்ணீரைக் குடித்து விழுங்கினேன். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. டிரைவருக்குப் பக்தி அதிகம் என்று யாரோ சொன்னார்கள்.

நாலு ரதவீதியிலும் கார் நிற்கவில்லை. நாதஸ்வரக்காரர் நின்று நின்று ஊதினார், கார் அவர் குதிகாலைத் தொடாமல் ஊர்ந்துகொண்டே இருந்தது. கிழக்கு ரதவீதியில் முதலாளி காரோடு நடந்து வந்தபடியே சம்பந்தியிடம், "இவன் கையில ஒரு கோளாறு இருந்துச்சு, மண்ணு கொடுத்துச் சரியாக்கிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

"பாத்தியாலே? இனிமே வெள்ளிக்கு வெள்ளி உனக்கு ஒருபிடி."

"சரி முதலாளி" என்றேன். பல்லுக்கடியில் மண் நறநறவென்று இருந்தது.