டி.வி. கேட்ட கேள்வி

தெருவில் அவளுக்கு வைத்திருந்த பெயர் கண்மூடி. கேலியாக வைத்த பெயர்தான், ஆனால் அவள் அதைப் பட்டம் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டாள். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவள். கணவனுடைய ஜெராக்ஸ் கடையின் பின்பாதியில், காகிதக் கட்டுகளுக்கும் சுவருக்கும் நடுவே மேஜை போட்டுப் பதினேழு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். மேஜைக்கு வரும் வேலை பாதி, போனிலேயே முடிகிற வேலை மீதி.

எந்தக் கம்ப்யூட்டருக்கும், முழுசாகக் கண் விழிப்பதற்கு முன்னால் போய்ப் பார்க்கிற மாதிரி ஓர் அடிப்படை செட்டிங் பக்கம் உண்டு. சாதாரண ஜனங்கள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. இவளுக்கோ அது வீட்டுச் சமையலறை. உள்ளே இருக்கிற மெயின் போர்டு எந்தக் கம்பெனி என்று மட்டும் கேட்பாள்.

"ஆன் பண்ணின உடனே டெலீட்டைத் தட்டிக்கிட்டே இருங்க. நீலமா ஒரு பக்கம் வந்துச்சா? வலது அம்பு மூணு தடவை. கீழ் அம்பு நாலு. என்டர். இப்ப ஸ்கிரீன்ல என்ன தெரியுதுன்னு நான் சொல்லட்டுமா?"

சொல்வாள். அட்சரம் பிசகாது. மறுமுனையில் இருப்பவர் வாயைப் பிளப்பார். இவ்வளவும் ஒரு கையால் மகளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டே நடக்கும். "என் சட்டை எந்த அலமாரியில இருக்குன்னு கேட்டா இவளுக்குத் தெரியாது. எவன் வீட்டு கம்ப்யூட்டர்லயோ அஞ்சாவது வரி என்னன்னு கேளுங்க, தூக்கத்துல சொல்லுவா" என்று கணவன் வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பான். குறையாகச் சொல்கிறானா பெருமையாகச் சொல்கிறானா என்று அவனுக்கே தெரியாது.

இப்படி ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவளை, இருபத்திரண்டு வருடமாகக் கூப்பிடாதவள் ஒருத்தி இருந்தாள். கூடப் பிறந்த அக்கா.

அக்கா காது டாக்டரம்மா. யாருக்கு எவ்வளவு கேட்கிறது என்று பரிசோதித்து, காதுக்கருவி பொருத்தி விடுகிற வேலை. அவள் கல்லூரியில் கடைசி வருடம் படித்தபோது, கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று முனகினாள். பத்தொன்பது வயதுத் தங்கை, நான் சரி பண்ணித் தருகிறேன் பார் என்று உட்கார்ந்து, ஒரே மதியத்தில் மொத்தத்தையும் துடைத்து வைத்தாள். அக்காவின் ஆய்வறிக்கையும் சேர்ந்து போனது. அதோடு விட்டாளா? கரண்ட் போய்ப் போய் வந்தது, அதில் அழிந்துவிட்டது என்று கூசாமல் ஒரு பொய் வேறு. அக்காவுக்கு ஒரு வருடம் வீணானது. பொய் என்று புரிந்தும் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் இரண்டு நாளில் ஆறியிருக்கும். நல்லது கெட்டதுக்கு வந்தாள், போனாள், பிள்ளைகளைக் கொஞ்சினாள். தன் கம்ப்யூட்டரை மட்டும் தங்கையிடம் காட்டவே இல்லை. அதற்கென்று ஒரு சர்வீஸ்காரர் வைத்திருந்தாள். தங்கைக்கு அது தொண்டையில் சிக்கிய முள்.

அந்த சர்வீஸ்காரர் போன மாதம் கடையை மூடிவிட்டு மகனோடு இருக்கப் போய்விட்டார். அதனால்தான் அன்றைக்குக் காலை பத்து மணிக்கு அக்காவிடமிருந்து போன்.

"நாளைக்கு ஒரு பள்ளிக்கூடத்துலேர்ந்து நாப்பது பிள்ளைங்க டெஸ்டுக்கு வர்றாங்க. பழைய சாஃப்ட்வேர் இன்னியோட நின்னுடும். புதுசைப் போடப்போனா, செட்டிங்ல போயி ஏதோ பாதுகாப்பை ஆன் பண்ணுங்குது. அங்க போனா ஸ்கிரீன் கருப்பாயிடுது. சர்வீஸ் அண்ணன்கிட்ட போன்ல கேட்டேன், போர்டு போச்சும்மா, மாத்தணும்னாரு." சற்று நிறுத்தினாள். "உன்னால வர முடியுமா?"

கண்மூடி அவசர அவசரமாகப் பையில் சாமான்களை எடுத்துப் போட்டாள். "அக்கா கூப்பிட்டா" என்று கணவனிடம் மூன்று தடவை சொன்னாள். முதல் தடவையே கேட்டுவிட்டது என்றான் அவன்.

அக்காவின் கிளினிக்கில் முதலில் ஒரு கூடம். பத்துப் பன்னிரண்டு நாற்காலி, வரவேற்பு மேஜை, சுவரில் மாட்டிய டி.வி.யில் டோக்கன் எண். காத்திருப்பவர்கள் எல்லாருக்கும் காது மந்தம் என்பதால் குசுகுசுவென்று பேசுவதே அடுத்த தெரு வரை கேட்டது. கூடத்துக்கு அந்தப்பக்கம் பரிசோதனை அறை. சுவரெங்கும் தடித்த பஞ்சு மெத்தை, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவு. உள்ளே போய்ச் சாத்தினால் வெளியே இடி விழுந்தாலும் தெரியாது. கதவுக்கு மேலே சிவப்பு பல்ப். அது எரியும்போது யாரும் திறக்கக்கூடாது. கம்ப்யூட்டர் அந்த அறைக்குள்தான்.

"எட்டு வருஷத்து ஆளுங்களோட ரிப்போர்ட் எல்லாம் இதுலதான் இருக்கு" என்றாள் அக்கா. மேற்கொண்டு சொல்ல வேண்டியதே இல்லை. மாடி அறையில் மூன்று பேருக்குக் கருவி பொருத்த வேண்டியிருந்தது, போய்விட்டாள். யாரும் தொந்தரவு செய்யாமல் இருக்கட்டும் என்று வரவேற்புப் பெண் சிவப்பு பல்பைப் போட்டுவிட்டாள்.

கண்மூடி ஆன் செய்து பார்த்தாள். கருப்பு. அரை நிமிடத்தில் விண்டோஸ் வந்தது, படம் பளிச்சென்று இருந்தது. மறுபடி ஆரம்பித்து டெலீட்டைத் தட்டினாள். கருப்பு, கருப்பு, கருப்பாகவே நின்றது. கேபிளைக் கழற்றி மாட்டினாள். வேறு கேபிள் போட்டாள். தான் கொண்டுவந்த குட்டி மானிட்டரை அதே இடத்தில் செருகிப் பார்த்தாள். நினைவகத்தைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். ஒவ்வொரு தடவையும் விண்டோஸ் சமர்த்தாக வந்தது, செட்டிங் மட்டும் முகம் காட்ட மறுத்தது.

போர்டு போகவில்லை, அது நிச்சயம். டெலீட் தட்டியதும் விசைப்பலகையின் விளக்கு ஒரு தடவை அணைந்து எரிகிறதே, அப்படியானால் பக்கம் திறந்துதான் இருக்கிறது. திரைக்கு வரவில்லை, அவ்வளவுதான். வராவிட்டால் என்ன? இந்த ரகப் போர்டில் நூறு பார்த்தாயிற்று. ஊருக்கெல்லாம் பார்க்காமலே சொல்கிறவள் தனக்குச் சொல்லிக்கொள்ள மாட்டாளா?

நாற்காலியை இழுத்துப் போட்டாள். கருப்புத் திரை முன்னால் உட்கார்ந்து, உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டாள். அப்படி ஒரு திமிர். வலது அம்பு மூன்று. பாதுகாப்புப் பக்கம். கீழ் அம்பு நான்கு, ஐந்தாவது வரி. என்டர். இப்போது 'ஆன் செய்யவா' என்று கேட்கும், வழக்கம்போல 'வேண்டாம்' மேல் நிற்கும். இடது அம்பு ஒன்று, 'ஆம்'. இனி ஒரு என்டர், பிறகு சேமிக்க எஃப்-பத்து, வேலை முடிந்தது. அக்கா திரும்பி வரும்போது கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுகூட யோசித்தாள். விரல் என்டர் மேல் போனது.

இரண்டு கதவும் படார் படாரென்று திறந்தன.

வாசலை அடைத்துக்கொண்டு ஓர் ஆள். முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்து, என்ஜின் சத்தத்தில் காதைத் தொலைத்தவர். குரல் மட்டும் இன்னும் டூட்டியில் இருந்தது.

"யம்மா! தட்டிக்கிட்டு நிக்க நேரமில்ல. சிவப்பு லைட்டாவது ஒண்ணாவதுன்னு திறந்துட்டேன். வெளிய டி.வி.யில டோக்கன் நம்பரைக் காணோம். நீலமா ஏதோ வந்து, 'டிஸ்க்குல உள்ளது எல்லாத்தையும் அழிக்கணுமா, திரும்ப வராது'ன்னு கேக்குது. 'ஆமா'ங்கறதுல நிக்குது. யாரை அழிக்கப்போறீங்க?"

கண்மூடி கண்ணைத் திறந்தாள். விரலை எடுக்கக்கூடப் பயமாக இருந்தது. கையை மெல்ல மடியில் இறக்கி, மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள்.

ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. கம்ப்யூட்டரின் முதுகில் திரையின் ஒயரைச் செருக இரண்டு துளை. விண்டோஸ் வந்துவிட்டால் இரண்டிலும் படம் வரும். அதற்கு முன்னால் முதல் துளையில் மட்டும்தான். டோக்கன் எண்ணுக்காகக் கூடத்து டி.வி.யை இதில் மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் அதை முதல் துளையில் செருகி, மானிட்டரை இரண்டாவதுக்குத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறான். இவள் ஒரு மணி நேரமாகத் தேடிய பக்கம் சுவருக்கு அந்தப்பக்கம், பத்துப் பேர் முன்னால், ஐம்பது அங்குலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த டி.வி.யைத் தாண்டித்தான் உள்ளே வந்தாள். வந்து என்ன பயன்?

அதே ரகம்தான், ஆனால் போர்டு புது மாடல். பாதுகாப்புப் பக்கத்தில் ஒரு வரி கூடச் சேர்த்திருக்கிறார்கள். ஐந்தாவது இடத்தில் இப்போது டிஸ்க்கைத் துடைக்கிற வரி உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம், ஒரே ஒரு வரி.

"அண்ணே, கதவை அப்படியே திறந்து வைங்க. டி.வி. முன்னாடி போயி நில்லுங்க. எதுல நிக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருங்க."

கண்டக்டருக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது. நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுக் கூடத்தின் நடுவில் போய் நின்றார். இவள் வலது அம்பை ஒரே ஒரு தடவை தட்டினாள்.

"'வேண்டாம்' வந்தாச்சு!"

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்கண்ணே. 'வேண்டாம்'தானே?"

"என்னது, வெண்டைக்காயா?"

"வேண்டாம்! வேண்டாம்!" என்று கூடமே சேர்ந்து கத்தியது. காது கேட்காதவர்கள் அத்தனை பேரும் அவளுக்காகக் கத்தினார்கள். என்டரை அழுத்தினாள். "போயிடுச்சு, பழைய இடத்துக்கே வந்துடுச்சு" என்றார் கண்டக்டர். அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவள் கைக்குப் பழகிய வேலை. அணைத்தாள். மானிட்டரை முதல் துளைக்கும் டி.வி.யை இரண்டாவதுக்கும் மாற்றினாள். டெலீட். கண்ணுக்கு முன்னால் நீலமாகப் பக்கம் விரிந்தது. ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்து, ஆறாவது வரியை ஆன் செய்தாள். விண்டோஸ் வந்ததும் முதல் வேலையாக எட்டு வருடத்து ரிப்போர்ட்டையும் தனி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்தாள். அதுவரை யாரும் ஒரு நகல்கூட எடுத்து வைத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பிறகு புது சாஃப்ட்வேரை ஏற்றினாள். பரிசோதனை ஹெட்போனைத் தானே மாட்டிக்கொண்டு சோதித்தும் பார்த்தாள். மெல்லிய கீச்சொலிகூடக் கேட்டது. கூடத்து டி.வி.யில் டோக்கன் எண் திரும்பி வந்தபோது, படம் முடிந்துவிட்டதே என்று இரண்டு பேருக்கு வருத்தம்.

எல்லாம் முடிந்த பிறகுதான் அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கதவைச் சாத்தினாள். உடனே அந்த அறையின் அடர்ந்த அமைதி வந்து உட்கார்ந்தது. புது சாஃப்ட்வேர் திறந்திருப்பதைப் பார்த்தாள். பெயர்ப் பட்டியலை மேலிருந்து கீழே உருட்டிப் பார்த்தாள். எல்லாரும் இருந்தார்கள்.

"போர்டு போகலையா?"

"போகலை. ஒயரை மாத்திச் செருகிட்டாங்க, அவ்வளவுதான்."

"இவ்வளவு சின்ன விஷயமா!" அக்காவின் முகம் மலர்ந்தது. "நீ கெட்டிக்காரிதான்."

எந்த வார்த்தைக்காக இருபத்திரண்டு வருடம் ஏங்கினாளோ அந்த வார்த்தை. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டியிருக்கலாம். கண்டக்டர் நாளை மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த வார்த்தை அவளுக்கு இனிக்கவில்லை. தனக்குச் சேர வேண்டியது இல்லை என்று பட்டது.

"அக்கா, நான் இன்னிக்கு எல்லாத்தையும் அழிக்கப் பார்த்தேன்."

அக்கா திரும்பினாள்.

"ஸ்கிரீன் கருப்பா இருந்தப்ப, பார்க்காமலே அழுத்துனேன். எனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சேன்னு. ஒரு வரி தப்பிப் போயிடுச்சு. இன்னும் ஒரு என்டர், எட்டு வருஷமும் போயிருக்கும். நானா நிறுத்தலை. வெளிய உக்காந்திருந்தவரு டி.வி.யில பார்த்துட்டு ஓடி வந்து சொன்னாரு."

அக்கா நாற்காலியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். பஞ்சுச் சுவர் இருவரின் மூச்சையும் விழுங்கியது.

"நான் பார்க்கவே இல்லையே. சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"அதான் சொல்றேன்."

இவள் முகத்தையே அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை. பிறகு விசைப்பலகையைத் தங்கை பக்கம் நகர்த்தினாள்.

"அந்த செட்டிங் பக்கத்துக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டுடு. இனி வேற யாரும் அங்க கை வைக்க வேண்டாம். என்னன்னு எனக்குச் சொல்லக்கூட வேண்டாம், நீயே வச்சுக்க."

கண்மூடி கம்ப்யூட்டரை மறுபடி ஆரம்பித்து, டெலீட்டைத் தட்டினாள். நீலப் பக்கம் வந்தது.

"வேணாம்க்கா. இப்படிப் பக்கத்துல உக்காரு. நீ பாத்துக்கிட்டே இரு, நான் போடறேன்."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.