கலுங்கில் ஏறிய ஒரு வரிசைக் கல்

அத்தானை இப்போதும் கல்யாண வீடுகளில் பார்க்கிறேன். அவர் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவில் வருவது, முழங்கால்வரை சேறு அப்பியிருக்க, ஒரு கையில் சிமெண்டுக் கரண்டியும் மறு கையில் டீ டம்ளருமாக அவர் கலுங்கின் மேல் நின்ற காட்சிதான். முதுகுளத்தூர்ப் பக்கம் மேல்கண்மாய் அவர் ஊருக்கு, கீழ்க்கண்மாய் எங்களுக்கு. மேல்கண்மாய் நிறைந்து, கலுங்கு என்கிற அந்தக் கல்சுவரைத் தாண்டி மிச்சத் தண்ணீர் வழிந்தால்தான் கால்வாய் வழியே எங்களுக்கு வரும். அதை மறுகால் என்போம். அய்யா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவின் நெல்லுக்கு வேறு தண்ணீர் கிடையாது.

இடிந்து கிடந்த கலுங்கை நாமே கட்டுவோம் என்று ஆரம்பித்தவர் அக்காவைக் கட்டிய இந்த அத்தான்தான். "ஒன் ஊர்ச்சனத்தையும் கூட்டியா கொழுந்தியா, ரெண்டு ஊருக்கும் பொதுதான இது" என்றார். வீடு வீடாகப் போய் அழைத்தது நான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் சோற்றுவாளியோடு வந்து கருவேலம் வெட்டினார்கள், கால்வாயில் மண் அள்ளினார்கள். பெண்கள் வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றினோம். காய்த்துப்போன என் கையைப் பார்த்து, "இந்தக் கைய எந்த மாப்பிள்ள பிடிப்பான்?" என்று அத்தான் கேலி செய்வார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான்.

கடைசி நாளில் சுவர் பழைய மட்டத்தைத் தாண்டுவதுபோல் பட்டது.

"என்னத்தான், ஒசந்து தெரியுதே?"

"வெள்ளம் வந்தா தாங்க வேணாமா? கல்லக் குடு தாயி."

கொடுத்தேன்.

ஐப்பசி மழை குறை வைக்கவில்லை. மேல்கண்மாய் தளும்பியது, மறுகால் மட்டும் பாயவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், தண்ணீர் அந்தப் புது வரிசையின் பாதியில் நிற்கிறது.

"அந்த ஒரு வரிசைய எடுத்துருங்கத்தான், பயிர் கருகுது" என்று கெஞ்சினேன்.

"முடியாது தாயி. எங்களுக்கும் மறு வெள்ளாமைக்குத் தண்ணி வேணும்ல. ஊர்க்கூட்டத்துல பேசித்தான் ஏத்துனது."

"எப்பப் பேசுனீக?"

"வேலை ஆரம்பிக்க முன்னாடியே."

அப்படியென்றால் முதல் ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துகொண்டுதான் எங்களைக் கல் சுமக்க வைத்திருக்கிறார். தண்ணீரைத் திருடியிருந்தால்கூட ஒருநாள் ஆறிப்போயிருப்பேன். எங்கள் வாயில் எங்கள் கையாலேயே மண் போட வைத்தாரே, அதுதான் இன்றுவரை ஆறவில்லை.

அந்தப் பொங்கலுக்கு எங்கள் வயலில் ஆடுகள் மேய்ந்தன. பிறந்த வீட்டுச் சீர் போகாவிட்டால் அக்கா அங்கே தலைகுனிய வேண்டும். அத்தான் தன் வயல் புது அரிசியில் ஒரு மூட்டையை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். "சீருக்கு இதையே கொண்டாந்துருங்க மாமா. யாருக்கும் தெரிய வேணாம்" என்றார். அய்யா வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் அந்த மூட்டையோடும் கரும்போடும் நானும் அய்யாவும் பஸ் ஏறினோம். அக்கா வீட்டு வாசலில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தான் மூட்டையைப் பிரித்து, ஒரு கை அரிசியை அள்ளி அவர்களிடம் காட்டினார்.

"எங்க மாமா வயலு அரிசி. கலுங்க ஒசத்துனதுல கீழ்க்கண்மாய் காஞ்சு போச்சுன்னு எவன் சொன்னான்? கேட்டுப் பாருங்க."

எல்லோரும் அய்யாவைப் பார்த்தார்கள். அவர் நிலைப்படியில் நின்ற அக்காவைப் பார்த்தார்.

"ஆமா, எங்க வயலுதான்" என்றார்.